குறுக்கே இழுக்காத கோடு

கிழக்கிலிருந்து மேற்கே போய், திரும்பி வந்து, பத்தடி தள்ளி நின்று, மறுபடியும் கிழக்கிலிருந்து மேற்கே. விடிந்ததிலிருந்து இதே வேலை. செக்குமாடாவது வட்டமாகச் சுற்றும், ஒரு சுற்றில் நாலு திசையையும் பார்த்துவிடும், எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இடுப்பில் வார், வாரில் கயிறு, கயிற்றின் நுனியில் ஆரஞ்சு நிறப் பெட்டி, பெரிய இஸ்திரிப் பெட்டி மாதிரி தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு பின்னால் வருகிறது. பெட்டி மண்ணுக்குள் அலை அனுப்பும், கீழே அடுக்கடுக்காகக் கிடக்கும் மணலும் சரளையும் அதைத் திருப்பி அனுப்பும், திரும்பி வந்தது என் மார்பில் தொங்கும் திரையில் கோடுகளாக விழும். ராடார் என்று சொன்னால் அம்மா விமானம் என்று நினைத்துக்கொள்கிறாள், அதனால் பூமிக்கு ஸ்கேன் எடுக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எதற்கு ஸ்கேன்? இந்த மலையடிவாரத்தில் நிலத்துக்குள் ஒரு பிளவு ஓடுகிறது, எப்போதோ செத்துப்போன பிளவு இல்லை, உயிருள்ளது, நகர்வது, கட்ச் பூமியை உலுக்கிப் பார்க்கிற சாதியைச் சேர்ந்தது. அது சரியாக எந்த இடத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் எங்களைச் சென்னையிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். ஏனென்றால் நாளைக் காலை இதே இடத்தில் பூமி பூஜை. உப்பளத்துக் கம்பெனி மூன்று மாடி விடுதி கட்டப்போகிறது, உப்பளத் தொழிலாளிகளின் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க. பிளவு கிழக்கு மேற்காக ஓடுகிறது. நானும் கிழக்கு மேற்காக நடந்துகொண்டிருக்கிறேன். பிளவைப் பார்க்க வேண்டுமென்றால் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும், கூடவே நடந்தால் ஆயுசுக்கும் கண்ணில் படாது, இது முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே ராமபத்ரன் சார்தான். அதே ராமபத்ரன் சார்தான் நேற்று ராத்திரி லாட்ஜில், நான் நடக்க வேண்டிய கோடுகளைப் போட்ட இந்தப் படத்தை என்னிடம் கொடுத்தார். ஆறு கோடு. ஆறும் கிழக்கு மேற்கு.

தெரியாமல் போட்டிருப்பாரா? அறுபது வயதாகிறது, சர்க்கரை, கண்ணில் வேறு ஆபரேஷன், படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கோடு போட்டிருக்கலாம். நான் என்ன முட்டாளா, அவருக்கு வக்காலத்து வாங்க. படத்தின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியை அவரே சிவப்பு மையில் வரைந்திருக்கிறார். முள்வேலி இருக்கிறது, குறுக்கே போக வழி இல்லை என்று நினைத்திருப்பார். எங்கே வேலி? கண்ணுக்கு எட்டின மட்டும் சீமைக்கருவேலம், அதுவும் இந்த இடத்தில் கம்பெனிக்காரர்கள் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், ஒட்டகம் ஓடலாம். தெரியாமலா? சார்தானே என் முதல் வருஷத்தில் என் படத்தை நாலாக மடித்துக் கையில் கொடுத்து, “அது உனக்குப் பக்கத்துலயே நடந்து வரும் குழலி, நீ அது கூடவே நடந்தா அது உனக்குக் காட்டாது, வெட்டு, குறுக்கே வெட்டு” என்றார். அன்றைக்கு அழுகை வந்தது, அப்புறம் பெருமையாக இருந்தது, இவ்வளவு கறாரான மனுஷனிடம் வேலை கற்றுக்கொள்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்குக் கறார் எங்கே போயிற்று? நேற்று நான் கேட்டேனே, சும்மா இல்லை, கேட்டேன். சார், குறுக்கே ஒன்றுகூட இல்லையே என்று. அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே, “இதுவே ஜாஸ்தி, ஆறு கோடுன்னா அறிக்கை கனமா இருக்கும்” என்றார். கனம். ஆறு கோட்டிலும் ஒன்றும் தென்படவில்லை என்று எழுதுவோம், படிக்கிறவனுக்குத் திசை எங்கே தெரியப்போகிறது, ஆறு தடவை பார்த்தும் ஒன்றுமில்லையாம் என்று தலையாட்டுவான். கீழே ஆய்வு செய்தவர் என்று என் கையெழுத்து. பூசி மெழுகுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவ்வளவு நைசாக மெழுகி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். “மேடம், கல்லு கிடக்கு, பாத்து.” முன்னால் போகிற ஜெபஸ்தியான் அண்ணன் குனிந்து கல்லை எடுத்து ஓரமாக வீசுகிறார். தூத்துக்குடிக்காரர், எங்கள் ஊர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சாரோடு இருபது வருஷமாக இருக்கிற டெக்னீஷியன். ஆள் இருந்தால் மேடம், இல்லாவிட்டால் தங்கச்சி. இன்றைக்குக் காதெட்டும் தூரத்தில் ஆளே இல்லை, ஆனாலும் காலையிலிருந்து மேடம்தான். என்ன வந்தது இவருக்கு?

திரையில் கோடுகள் துவைத்து மடித்த வேட்டி மாதிரி வரிசையாக, ஒரு சுருக்கம் இல்லாமல் வருகின்றன. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது. இவ்வளவு அழகாக ஒரு பொய்யைப் பூமியால் சொல்ல முடியாது, மனுஷன்தான் அதை இந்தப் பக்கமாகச் சொல்ல வைக்கிறான். இதே கட்சில் நான் சின்ன வயதில் இருந்த காந்திதாமிலும் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, நாங்கள் இருந்தது மூன்றாவது மாடி, வெளியே இளநீல டிஸ்டம்பர், கீழ்த்தளம் முழுக்கக் கடைகளுக்காகச் சுவர் இல்லாமல் வெறும் தூண். அன்றைக்குக் குடியரசு தினம். நான் வெள்ளைச் சட்டையும் வெள்ளை ரிப்பனுமாகப் பள்ளிக்கூட மைதானத்தில். தம்பி மதிவாணனுக்குக் காய்ச்சல், அதனால் வீட்டில். போகும்போது எனக்கும் மிட்டாய் வாங்கிட்டு வா என்றான், கொடியேற்றினால் மிட்டாய் கொடுப்பார்களே, அது. முதலில் தலைசுற்றல் மாதிரிதான் இருந்தது, பசி என்று நினைத்தேன், அப்புறம் கொடிக்கம்பம் ஆடியது, அப்புறம் டீச்சர் முழங்காலிட்டார், அப்புறம் ஊர் முழுக்க ஒரே புழுதி. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தபோது கட்டடத்தில் பாதி இருந்தது, பாதி இல்லை. இருந்த பாதியில் எங்கள் அடுக்களை. அடுக்களையின் விளிம்பில் அம்மா, கையில் கஞ்சிக் கரண்டி. அவளுக்கு எதிரே கூடம் இருந்த இடத்தில் வானம். கூடத்துக் கட்டிலில்தான் மதி படுத்திருந்தான். அம்மா கத்தவில்லை, அழவில்லை, கரண்டியைக் கீழே வைக்க இடம் தேடுகிறவள் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வந்தார்கள் துக்கம் கேட்க. விதிம்மா, விதி. யாரால என்ன செய்ய முடியும், எழுதி வெச்சது. வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள், அப்பாவும் கொஞ்ச நாளில் அதையே சொல்லப் பழகிக்கொண்டார், அன்றைக்கு ஒன்பது வயதில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. தூணுக்குப் போட வேண்டிய கம்பியைக் குறைத்தது விதியா? கம்பியைக் குறைத்தவனுக்குப் பெயர் இருந்தது, ஸ்கூட்டர் இருந்தது, தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குப் பேடா கொடுத்து அனுப்பினான். அடுத்த தெருவில் ஒழுங்காகக் கட்டிய வீடு ஒரே ஒரு கீறலோடு நின்றது, அங்கேயும் அதே விதிதானே குடியிருந்தது? விதி என்கிற வார்த்தையை யார் என் காதுபடச் சொன்னாலும் எழுந்து போய்விடுவேன். ஒரு கல்யாண வீட்டில் பந்தியிலிருந்தே எழுந்து போயிருக்கிறேன்.

கால் கூசுகிறது. இது எப்போதும் வருவதுதான். செருப்புக்கும் சரளைக்கும் நடுவே மெல்லிய நடுக்கம், ஏதோ லாரி தூரத்தில் போகிறது, லாரிதான், ரோட்டில் உப்பு லாரி போகிறது, பார், போகிறது, லாரிதான். பார்த்து உறுதி செய்கிறவரை மூச்சு விடுவதில்லை. இந்த வேலைக்கு வந்தால் பயம் போகும் என்று வந்தேன். எதிரியின் முகத்தைப் பார்த்துவிட்டால் பயம் போகும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தேன். பயம் போகவில்லை, கூடவே கணக்குத் தெரிந்துகொண்டது, அவ்வளவுதான். இப்போது நிலம் எந்தப் பக்கம் எத்தனை அடி தூக்கும் என்று பயத்துக்கே தெரியும். அம்மா தூத்துக்குடியில் ஓட்டு வீட்டில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் படுக்கிறாள், கதவைச் சாத்தாமல். போனில் எப்போதும் அவளுடைய முதல் கேள்வி, “அங்க மாடியேறிப் போற வேல எதும் உண்டா?” இல்லம்மா, வெட்டவெளிதான். “சரி, அப்பம் சாப்பிட்டியா?” இன்றைக்கு அவள் கூப்பிட முடியாது, போனை அணைத்து ஜீப்பில் போட்டாயிற்று, அது பக்கத்தில் இருந்தால் திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும். சாரும் கூப்பிட முடியாது. ஜீப்பை எடுத்துக்கொண்டு கம்பெனி ஆட்களோடு சாப்பிடப் போயிருக்கிறார். நான் மட்டும் இங்கே அவருடைய ஆறாவது கோட்டில், கயிறு இடுப்பை அறுக்க, ஒப்புக்குச் சப்பாணியாக. “தண்ணி குடிக்கியளா, மேடம்?” வேண்டாம். “காலைலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கலியே.” வேண்டாம்ண்ணே. அவர் நின்றார், நானும் நின்றேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, தானாகவே பேச ஆரம்பித்தார். “தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. இந்தக் கட்டடம் நின்னு போச்சுன்னு வையி, இந்தப் பிள்ளையெல்லாம் எங்க போவும்? எட்டு மாசம் அப்பன் ஆத்தா கூட உப்பளத்துல கிடக்கும். பள்ளியோடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு கூரையாவது கிடைக்கட்டுமே.” பந்தல் போடுகிற இடத்தில் உப்பளத்துப் பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள், நாளைக்கு விழா என்று இன்றைக்கே பார்க்க வந்தவர்கள். அவர்களின் பாதங்களை நான் காலையிலேயே பார்த்தேன், உப்பு தின்று வெளுத்து வெடித்த பாதங்கள். கட்டடம் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? வடக்கே ஐம்பது மீட்டர் தள்ளிக் கட்டினால் போதும், அந்த நிலமும் கம்பெனியுடையதுதான், அங்கேயும் இதே கருவேலம்தான். தள்ளினால் ரோட்டிலிருந்து வாசல் வளைவும் பெயர்ப் பலகையும் தெரியாதாம். சாரே சிரித்துக்கொண்டே சொன்னார், பெரிய இடத்து ஆசை, நாம என்ன பண்றது என்று. பலகை தெரிய வேண்டும். அதற்கு முன்னூறு பிள்ளைகள் பிளவின் மேல் படுத்துத் தூங்க வேண்டும். ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கிற கூரை என்பதால் அது தலையில் விழுகிற கூரையாக இருந்தால் பரவாயில்லை என்று எல்லோருமே, இந்த நல்ல மனுஷன் உட்பட, மனசுக்குள் எங்கேயோ ஒத்துக்கொண்டுவிட்டார்கள். “நடங்கண்ணே” என்றேன்.

ஆறாவது கோட்டின் முடிவைக் காட்ட நட்ட கொடி வந்துவிட்டது. இங்கே நிற்க வேண்டும், பதிவை நிறுத்த வேண்டும், வாரைக் கழற்ற வேண்டும், வேலை முடிந்தது என்று பெட்டியைத் துடைத்து வைக்க வேண்டும். அதைத்தான் கை செய்யப் போனது. பழகின கை. பதிவை நிறுத்தினேன். அப்புறம் திரும்பினேன், மலையைப் பார்க்க, தெற்கு முகமாக. “அங்கன கோடு இல்லியே, தங்கச்சி.” தெரியும். “சார் படத்துல இல்லியே.” தெரியும்ண்ணே. புதிய பதிவைத் தொடங்கி நடந்தேன். கயிறு ஒரு நொடி தடுத்து, பெட்டி ஒரு புதரில் இடித்து, அப்புறம் வந்தது. ஜெபஸ்தியான் அண்ணன் முன்னால் வரவில்லை, கல் எடுக்கவில்லை, பின்னாலேயே நின்றார். நானே காலால் கல்லைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரே சீராக நடக்க வேண்டும், கோபத்தில் வேகமாக நடந்தால் படம் கெடும், கோபத்துக்கு ஒரு நடை, ராடாருக்கு ஒரு நடை, இது என்ன கொடுமை, கத்திக்கொண்டு ஓட வேண்டும் போலிருக்கும்போது கல்யாணப் பெண் மாதிரி அடியெடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. வேட்டி மடிப்புகள், மடிப்புகள், மடிப்புகள். ஒன்றும் இல்லை. விடுதிக்கு அடித்த முளைகளைத் தாண்டி உள்ளே போய்விட்டேன், ஒன்றும் இல்லை. ஒருவேளை இங்கே இல்லையோ? மலைக்கு இன்னும் ஒட்டி ஓடுகிறதோ? அப்படியானால் சார்மேல் நான் காலையிலிருந்து கொட்டியதெல்லாம்? இருக்கக் கூடாதே என்று நினைக்க வேண்டிய நான், இருக்க வேண்டுமே என்று நினைக்கிறேனா? சீ. இல்லாமல் போகட்டும், நான் பைத்தியக்காரி ஆகட்டும், பிள்ளைகள் தூங்கட்டும். நடந்தேன். படிக்கட்டு வரப்போகிற இடம் என்று எழுதிய முளைக்கு அருகில் மடிப்புகள் தெற்கே லேசாகத் தொங்கின. அப்புறம் அறுந்தன. ஒன்றல்ல, மேலிருந்து கீழே அத்தனை அடுக்கும், ஒரே சரிவில், அறுந்து, அந்தப் பக்கத்தில் என் உயரத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு மறுபடி தொடங்கின. மேலே கிடக்கிற புது மண்ணைக்கூட அது விட்டுவைக்கவில்லை. அதாவது சமீபத்தில்தான் நகர்ந்திருக்கிறது. அதாவது இன்னும் நகரும். திரையை வெயிலுக்கு மறைத்துக் குனிந்து பார்த்தேன். இடது கால் இந்தப் பக்கம், வலது கால் அந்தப் பக்கம். இத்தனை வருஷம் எத்தனை பிளவு பார்த்திருக்கிறேன், ஒன்றின் மேலும் இப்படி வெறுப்பு வந்ததில்லை. பிளவு என்ன செய்யும், அது அதன் பாட்டுக்குக் கிடக்கிறது.

“அண்ணே, இங்க வாங்க. இதப் பாருங்க.” அவர் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வந்தார், ஆனால் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நான் நிற்கிற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளிச் சரியாகக் காலால் தொட்டுக் காட்டினார். “இன்னும் கொஞ்சம் இங்கிட்டு, தங்கச்சி. இங்கனதான்.” எனக்குப் புரியவில்லை. எப்படித் தெரியும் என்றேன். “போன மாசம் சார் கூட வந்தேம்லா, இடம் பாக்க. ரெண்டு கோடு இழுத்தோம், குறுக்கே. நான்தான் கயிறு பிடிச்சேன். சார் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. பெறவு அத அழிச்சிரு ஜெபஸ்தியான்னாரு.” அழிச்சீங்களா? “அழிச்சேன்.” சர்க்கரை இல்லை, கண் ஆபரேஷன் இல்லை, திருப்பி வைத்த படம் இல்லை. பார்த்திருக்கிறார். பார்த்த பிறகு உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து, அதற்குப் பக்கத்திலேயே ஆறு கோடு போட்டிருக்கிறார், ஒன்றுகூட அதைத் தொடாமல். எந்த இடத்தைத் தொடக் கூடாது என்று தெரிந்தவனால்தான் அப்படிப் போட முடியும். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது, இவரையும் சேர்த்து. “காலைலேர்ந்து எனக்கு முன்னால கல்லு பொறுக்கிக்கிட்டு வந்தீங்களேண்ணே. ஒரு வார்த்தை, ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா? உங்க பிள்ளைய இங்க கொண்டாந்து படுக்க வைப்பீங்களா?” கத்தினேன். பந்தலில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். என் பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டாமா என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்டிருந்தால் இன்னும் கத்தியிருப்பேன். கேட்கவில்லை. கண்ணைத் துடைத்தார், முதுகைத் திருப்பிக்கொண்டு.

அஸ்திவாரம் தோண்டக் கோடு போட்ட சுண்ணாம்புத் தூள் மூட்டை ஒன்று முளை ஓரத்தில் பாதியாகக் கிடந்தது. வாரைக் கழற்றிவிட்டு அதை இழுத்தேன். கனம். நான் இதை ராடாருக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனால் இதையும் அழிப்பார். அறிக்கையில் எழுதினால் பக்கத்தைக் கிழிப்பார், நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருத்தி போடுவாள். தரையில் போடுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும், அழிக்கிறவன் குனிந்து அழிக்கட்டும். கைப்பிடி கைப்பிடியாக அள்ளி, படிக்கட்டு முளையிலிருந்து மேற்கே போட்டுக்கொண்டு போனேன். பத்தடி போனதும் மூட்டை லேசானது, திரும்பிப் பார்த்தால் ஜெபஸ்தியான் அண்ணன் மறுமுனையைத் தூக்கியிருந்தார். “இங்கன கொஞ்சம் வளையும். அன்னைக்கு ரெண்டாவது கோட்டுல பாத்தேன்” என்றார். வளைத்தேன். நான் அவரை மன்னிக்கவில்லை, மூட்டையை மட்டும் விடவில்லை. விடுதியின் ஒரு பக்கத்து முளையிலிருந்து மறுபக்கத்து முளை வரைக்கும், நடு வயிற்றை அறுத்துக்கொண்டு, வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. பெண்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, அக்கா என்கிற மாதிரி பெஹன் போட்டு, இது என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். இதற்குக் கீழே பூமி உடைந்திருக்கிறது, மறுபடி ஆடினால் இந்த இடம்தான் முதலில் கிழியும், அதோ அந்தக் கருவேலத்துக்கு அந்தப் பக்கம் கட்டச் சொல்லிக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். அவள் சட்டென்று குழந்தையோடு கோட்டிலிருந்து பின்னால் நகர்ந்தாள். நல்ல வேளை, பூஜைக்கு முந்தியே சொன்னாயே என்றாள். வேறு யாரையோ கூப்பிட்டாள், அவர்கள் இன்னும் யாரையோ கூப்பிட்டார்கள்.

ஜீப் வந்து நின்றது. ராமபத்ரன் சார் இறங்கினார், வெற்றிலை போட்ட வாய், முகம் முழுக்கச் சாப்பிட்ட திருப்தி, நெற்றிக்கு மேலே கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். சுண்ணாம்பு அப்பிய என் கையையும், கூடி நின்ற பெண்களையும் பார்த்துச் சிரித்தார். “என்ன குழலி, நாளைக்குப் பூஜைக்கு இப்பவே கோலமா?”

“நீங்க போன மாசம் பாத்தது, சார்” என்றேன்.

அவர் கோட்டைப் பார்க்கவில்லை. நேராக ஜெபஸ்தியான் அண்ணனைப் பார்த்தார்.